கடல் இல்லாத கடற்கரைத் தெரு: ஜோர்ஜ்டவுனில் வரலாற்றை நடந்து படிப்போம்

பள்ளி விடுமுறையில் பினாங்குக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கொடிமலை, சுவரோவியம், நாசி கண்டார் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். போகட்டும், அதுவும் வேண்டியதுதான். ஆனால் உங்களிடம் ஒரு காலைப்பொழுது மட்டும் கேட்கிறேன். ஏழரை மணிக்கு ஆரம்பித்தால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். குடிநீர், தொப்பி, ஒரு குறிப்பேடு போதும்.

முதலில் லெபோ பந்தாய்க்குப் போங்கள். அதுதான் பழைய பீச் ஸ்ட்ரீட், அதாவது கடற்கரைத் தெரு. அங்கே நின்று கடலைத் தேடுங்கள். வங்கிக் கட்டடங்கள் தெரியும், வாகனங்கள் தெரியும், கடல் தெரியாது. மாணவர்களிடம் காரணத்தை உடனே சொல்லிவிடாதீர்கள். அவர்களைக் கிழக்குப் பக்கமாக நடக்கவிட்டு, குறுக்குத் தெருக்களின் பெயர்ப்பலகைகளைப் படிக்கச் சொல்லுங்கள். லெபோ சூலியா கடற்கரைத் தெருவைத் தாண்டியதும் 'காட் லெபோ சூலியா' ஆகிவிடும். ஆர்மீனியத் தெருவும் அச்சேத் தெருவும் இப்படியே. இந்தக் 'காட்' என்ன சொல் தெரியுமா? காசியிலே கங்கைக் கரையில் இருக்கிறதே 'காட்', அதே இந்தியச் சொல்தான். நம் தமிழில் படித்துறை. படகு வந்து நிற்க, ஆட்கள் ஏறி இறங்க, சரக்கை இறக்க இருந்த இடங்கள். 1880களில் கடலைத் தூர்த்து வெல்ட் கீ சாலையை அமைத்தபோது கடல் கிழக்கே நகர்ந்தது. படித்துறைகள் தெருக்களாகிப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டன. வெல்ட் என்பவர் அப்போதைய நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர்.

ஆக, நாகப்பட்டினத்திலிருந்தும் நாகூரிலிருந்தும் வந்த முன்னோர் கால் வைத்த கரை, இன்று நீங்கள் சாலையைக் கடக்கக் காத்து நிற்கிற இடத்திலேயே எங்கேயோ இருக்கிறது. ஒரு பெயர்ப்பலகை இவ்வளவு சொல்கிறது. சான்று என்றால் செப்பேடும் கல்வெட்டும் மட்டும்தான் என்று நினைக்கிற மாணவருக்கு இது நல்ல தொடக்கம்.

அங்கிருந்து வடக்கே நடந்தால் மணிக்கூண்டு வரும். விக்டோரியா அரசியாரின் ஆட்சிக்கு 60 ஆண்டு நிறைந்ததை (1897) ஒட்டி, ஆண்டுக்கு ஓர் அடி என்று 60 அடி உயரத்தில் சியா சென் இயோக் என்ற சீனச் செல்வந்தர் கட்டிக் கொடுத்தது. வேலை முடிந்தது 1902இல். அதற்குள் அரசியார் இறந்தே போனார். அதைப் படம் எடுத்துக்கொண்டு கோட்டைக்கு வாருங்கள்.

கோர்ன்வாலிஸ் கோட்டையில்தான் நம் பாடம் உண்மையாகத் தொடங்குகிறது. தேர்வுத்தாள்களில் "பினாங்கைக் கண்டுபிடித்தவர் பிரான்சிஸ் லைட்" என்று எழுதும் மாணவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள். இந்தத் தீவு கெடா சுல்தானுக்குச் சொந்தமாக இருந்தது. தென்கிழக்கே பத்து உபானில் 1734லேயே பள்ளிவாசலுடன் குடியிருப்பு இருந்ததாக மலாய் மரபு சொல்கிறது. கோட்டை நிற்கும் முனைக்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயர் தஞ்சோங் பெனாகா. இன்றும் பினாங்கு மக்கள் நகருக்குப் போவதைத் "தஞ்சோங் போறேன்" என்பார்கள். பெயரும் மனிதரும் இருந்த இடத்தை யாரும் 'கண்டுபிடிக்க' முடியாது. "கிழக்கிந்தியக் கும்பெனிக்காகக் கைப்பற்றியவர்" என்று எழுதுங்கள், மதிப்பெண்ணும் வரும், உண்மையும் நிற்கும்.

லைட் யார்? பழைய கடற்படை ஆள், பிறகு வணிகர். மதராசிலிருந்து இயங்கிய ஜூர்டேன், சல்லிவன், டி சூசா என்ற வணிக நிறுவனத்தின் முகவராக 1771இல் கெடாவுக்கு வந்தவர். அப்போதே இந்தக் கதைக்குள் நம் சோழமண்டலக் கரை நுழைந்துவிட்டது, கவனித்தீர்களா? கெடா சுல்தானுக்குச் சயாம் பற்றிய அச்சம். தீவைக் கொடுத்தால் ஆபத்துக் காலத்தில் கும்பெனி படை அனுப்பும் என்று அவர் எதிர்பார்த்தார். கும்பெனி அப்படி ஓர் உறுதியைத் தரவே இல்லை. அதை லைட் சுல்தானிடம் வெளிப்படையாகச் சொல்லவும் இல்லை. 1786 ஜூலை 17இல் வந்து இறங்கி, ஆகஸ்ட் 11இல் கொடியேற்றிவிட்டார். மறுநாள் வேல்ஸ் இளவரசரின் பிறந்தநாள், அதனால் தீவுக்கு 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு' என்று பெயர். ஊருக்கு மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் பெயர்.

ஏமாற்றப்பட்டதை உணர்ந்த சுல்தான் 1791இல் தீவை மீட்கப் படை திரட்டினார், தோற்றார். அதன்பிறகுதான் ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் என்ற ஒப்பந்தம். 1800இல் எதிர்க்கரையில் செபராங் பிறையும் கைமாறியபோது தொகை 10,000 ஆயிற்று. அந்தத் தொகையின் தொடர்ச்சியாகக் கூட்டரசு அண்மைக் காலம் வரை கெடாவுக்கு ஆண்டுதோறும் 10,000 ரிங்கிட் கொடுத்து வந்தது. சுல்தான் பயந்தபடியே 1821இல் சயாம் கெடாமீது படையெடுத்தது. கும்பெனி படை அனுப்பவில்லை. அன்றைய சுல்தான் அகமது தாஜுடின் தப்பி ஓடி வந்தது எங்கே? தன் முன்னோர் கொடுத்த இதே தீவுக்கு. காரணம், விளைவு என்று கேட்கும் வினாக்களுக்கு இதைவிடத் தெளிவான சங்கிலி கிடைப்பது அரிது.

கோட்டைக்குள்ளே லைட்டின் சிலை இருக்கிறது. 1936இல் செய்தது. அவர் முகம் எப்படி இருந்தது என்று தெரியாததால், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரை அமைத்த அவருடைய மகன் வில்லியமின் முகத்தைப் பார்த்துச் செய்தார்கள். அதாவது நீங்கள் பார்ப்பது மகனுடைய முகம்! இன்னொரு கதையும் வழிகாட்டிகள் சொல்லுவாங்க: காட்டை வெட்ட ஆட்கள் தயங்கியதால், லைட் பீரங்கியில் வெள்ளிக்காசுகளைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டாராம், காசைத் தேடி எல்லாரும் வெட்டினார்களாம். கேட்கச் சுவையாக இருக்கும். விடைத்தாளில் எழுதுவதானால் 'செவிவழிக் கதை' என்று குறிப்பிட்டு எழுதுங்கள்.

இனி இந்தச் செங்கல் சுவரைத் தொட்டுப் பாருங்கள். லைட் கட்டியது நிபோங் பனைமரங்களை நட்டு எழுப்பிய வெறும் வேலிக்கோட்டை. அவர் 1794லேயே மலேரியாவில் இறந்துவிட்டார். செங்கல்லும் கல்லுமாக இப்போது நிற்கும் கோட்டை 1800களின் முதல் சில ஆண்டுகளில் எழுந்தது. கட்டியவர்கள் கைதிகள், இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். இங்கே சற்று நிதானமாக நிற்போம்.

தமிழ்நாட்டுப் பாடநூலில் 1800–1801 தென்னிந்தியக் கிளர்ச்சியைப் படித்தவர்களுக்கு மருது சகோதரர்களைத் தெரியும். சிவகங்கைச் சீமையை ஆண்ட பெரிய மருதுவும் சின்ன மருதுவும் 1801 அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். பாடநூல் பெரும்பாலும் அங்கே முடிந்துவிடும். ஆனால் கப்பல் அங்கேதான் புறப்படுகிறது. 1802 பிப்ரவரியில், கிளர்ச்சியில் பங்கெடுத்த எழுபதுக்கும் மேற்பட்டோர் தூத்துக்குடியில் கப்பலேற்றி நாடுகடத்தப்பட்டார்கள். போய்ச் சேரவேண்டிய இடம் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு. நீங்கள் இப்போது நிற்கும் இடம். அவர்களில் ஒருவர் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி, பதின்ம வயதுப் பையன்.

இதன் பின்கதையை எழுதி வைத்தவர் ஓர் ஆங்கிலேயப் படை அதிகாரி, ஜேம்ஸ் வெல்ஷ். கிளர்ச்சிக்கு முன்னால் சின்ன மருதுவோடு நட்பாக இருந்தவர், ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவரிடமே கற்றவர். பிறகு அவருக்கு எதிராகவே போரிட்டவர். 1830இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில், 1818இல் பினாங்கில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறார். தம் தோட்டத்துக்குள் தளர்ந்துபோன ஒரு முதியவர் வந்து நிற்கிறார். யார் என்று விசாரித்தால், துரைச்சாமி. சின்ன மருதுவின் மகன். கணக்குப் போட்டுப் பாருங்கள், அப்போது அவருக்கு வயது முப்பதை ஒட்டித்தான் இருக்க முடியும். பதினாறு ஆண்டு தண்டனை வாழ்க்கை ஒரு மனிதனை எப்படி ஆக்கியது என்பதற்கு எதிரியே சாட்சி சொல்கிறார்.

இந்த இடத்தில் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. உணர்ச்சி மேலிட்டு "இந்தக் கோட்டையைக் கட்டியவர் மருதுவின் மகன்" என்று மாணவருக்குச் சொல்லிவிடாதீர்கள். நாம் உறுதியாகச் சொல்லக்கூடியது இரண்டு: இந்தியக் கைதிகளின் உழைப்பில் இக்கோட்டை எழுந்தது, அதே ஆண்டுகளில் சிவகங்கைச் சீமைக் கைதிகள் இத்தீவுக்கு அனுப்பப்பட்டார்கள். இரண்டையும் அருகருகே வையுங்கள். இடையில் இருக்கும் இடைவெளியை அப்படியே விடுங்கள். அதற்கே மாணவர்கள் அமைதியாகிவிடுவார்கள்.

கோட்டையை விட்டு மேற்கே வந்தால் செயிண்ட் ஜோர்ஜ் தேவாலயம், 1818இல் முடிந்தது. வெள்ளைத் தூண்கள், முன்னால் லைட்டின் நினைவு மண்டபம். இதையும் கட்டியது கைதிகளின் கைகளே. வெல்ஷின் தோட்டத்தில் துரைச்சாமி வந்து நின்ற அதே ஆண்டு, பாருங்க.

தேவாலயத்தின் பக்கத்தில்தான் நம் சங்கத்தின் வாசகர்கள் கட்டாயம் நிற்கவேண்டிய இடம். பாதிரியார் ஆர். எஸ். ஹட்சிங்ஸ் 1816 அக்டோபர் 21இல் தொடங்கிய பினாங்கு பிரீ ஸ்கூல் இந்த வட்டாரத்தில்தான் வளர்ந்தது. ஃபார்குவார் தெருவில் மாநில அரும்பொருளகமாக இருப்பது அப்பள்ளியின் பழைய கட்டடம். போரில் குண்டு விழுந்து பாதி போய்விட்டது, மிச்சம் பாதிதான் நிற்கிறது. இப்பள்ளியின் தொடக்கத்தில் நடந்த தமிழ் வகுப்பையே நாட்டின் முதல் தமிழ் வகுப்பாகக் கொண்டு, 2016இல் தமிழ்க்கல்வியின் 200ஆம் ஆண்டை நாம் கொண்டாடினோம். கொண்டாடியது சரிதான். ஆனால் மாணவருக்குச் சொல்லும்போது ஒரு வேறுபாட்டைத் தெளிவாக வையுங்கள்: அது ஆங்கிலப் பள்ளிக்குள் நடந்த ஒரு தமிழ் வகுப்பு. தனித் தமிழ்ப்பள்ளி அன்று. அது இடையறாமல் நடந்ததும் அன்று. ஆள் சேராமலும் ஆதரவு இல்லாமலும் நின்று, மறுபடி தொடங்கி, இப்படித்தான் போயிருக்கிறது. பிள்ளைகளைச் சேர்க்கப் பெற்றோரிடம் வீடுவீடாகப் போய்ப் பேசும் நம் தலைமையாசிரியர்களுக்கு இது புதிய செய்தியாக இராது.

இனி ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங். பழைய பெயர் பிட் ஸ்ட்ரீட். 'நல்லிணக்கத் தெரு' என்று சுற்றுலாத் துறை அழைப்பது இதைத்தான். தேவாலயம், குவான் யின் கோயில், குவீன் தெருவில் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், எல்லாம் சில நிமிட நடையில். இது யாரோ திட்டம்போட்டு அமைத்த நல்லிணக்கக் காட்சி என்று நினைக்கவேண்டாம். கும்பெனிக்கு ஆட்களும் வணிகமும் தேவைப்பட்டன. தீர்வையில்லாத் துறைமுகமாக அறிவித்து வருகிறவர்களை வரவேற்றது. ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு கப்பித்தானை, அதாவது தலைவரை, ஏற்று அவர்கள் வழியாக நிர்வாகம் நடத்தியது. நிலமும் அப்படியே கொடுக்கப்பட்டது. 1801இல் பள்ளிவாசலுக்கு நிலம் கிடைத்தது. கப்பித்தானாக இருந்த காதர் முகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் வணிகரின் பெயரோடு அது இணைந்தது. அதே 1801இல் தென்னிந்தியர்களுக்குத் தலைவராக இருந்த பெட்டி லிங்கம் செட்டிக்கு நிலம் வழங்கப்பட்டது. அங்கே 1833இல் மாரியம்மன் கோயில் எழுந்தது. பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில் இதுவே. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் படகோட்டிகளும் இந்த குவீன் தெரு, கிங் தெரு வீடுகளில்தான் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். அவர்களுடைய அம்மன் இவள்.

'சூலியா' என்ற பெயரையும் விளக்கவேண்டும். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களை இங்கே அப்படி அழைத்தார்கள். சோழ என்ற சொல்லின் திரிபு என்பது பலர் கருத்து. 1794இல் லைட் எழுதிய அறிக்கையிலேயே ஆயிரம் பேர் அளவில் சூலியாக்கள் ஊரில் நிலையாக இருப்பதாகவும், கப்பல்கள் ஆண்டுதோறும் இன்னும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுவருவதாகவும், அவர்கள் இரண்டு மூன்று ஆண்டு உழைத்துச் சேமித்துத் திரும்புவதாகவும் செய்தி இருக்கிறது. "தமிழர் மலாயாவுக்கு வந்தது ரப்பர்த் தோட்டத்துக்கு" என்று மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். ரப்பர் மரம் இங்கே வேர்பிடிப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே கடைக்காரராக, மாலுமியாக, வண்ணாராக, சுமையாளாக, கைதியாக, கப்பித்தானாகத் தமிழர் இங்கே இருந்தார்கள். எதிர்க்கரையில் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கு, 1025இல் இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு என்று பின்னால் போனால் கதை இன்னும் நீளும். அது வேறொரு கட்டுரை.

'கிளிங்' என்ற சொல் வகுப்பில் சங்கடம் தரும். மாணவர்கள் சிரிப்பார்கள், அல்லது முகம் வாடுவார்கள். மழுப்பாமல் பேசிவிடுவது நல்லது. கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படும் இச்சொல், பழைய மலாய் நூல்களில் இந்தியக் கரையினரைக் குறிக்கும் சாதாரணச் சொல். பின்னாளில் வசையாக மாறியது. பள்ளிவாசல் பெயரில் இருப்பது முதல் பொருள். பள்ளிக்கூடத்துத் திடலில் காதில் விழுவது இரண்டாவது. ஒரே சொல்லுக்குக் காலம் செய்த வேலை இது.

சூலியாத் தெருவில் நாகூர் தர்காவைப் பார்க்க மறக்காதீர்கள். 1800களின் தொடக்கத்தைச் சேர்ந்த சிறிய கட்டடம், கடைகளுக்கு நடுவே கண்ணில் படாமல் போய்விடும். நாகூரில் அடங்கியுள்ள சாகுல் அமீது ஆண்டகை கடலோடிகளின் காவலர் என்பது நம்பிக்கை. பயணம் நல்லபடியாக முடிந்தவர்கள் எழுப்பிய நினைவிடம். சிங்கப்பூரிலும் இதே பெயரில் ஒன்று உண்டு. கப்பல் போன வழியெல்லாம் நேர்த்திக்கடனும் போயிருக்கிறது. பின்னாளில் 1926 முதல் 1973 வரை ஓடிய 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்த தாத்தா பாட்டியின் கதை மாணவர் வீடுகளில் இன்னும் இருக்கலாம். கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேட்கவேண்டும்.

1941 டிசம்பரைப் பற்றிப் பேச மறுபடியும் கோட்டைப் பக்கமே மனம் போகிறது. டிசம்பர் 11இல் ஜப்பானிய விமானங்கள் ஜோர்ஜ்டவுன்மீது வந்தபோது, மக்கள் தெருவில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். பிரிட்டிஷ் விமானம் என்று நினைத்தார்களாம். கடைத்தெருக்கள் எரிந்தன. அடுத்த சில நாளில் ஆங்கிலேய அதிகாரிகளும் ஐரோப்பியக் குடும்பங்களும் இரவோடிரவாகக் கப்பலேறிப் போய்விட்டார்கள். மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் விடப்பட்டார்கள். 155 ஆண்டுக்கு முன் கெடா சுல்தான் பட்ட அனுபவத்தை இப்போது ஊரே பட்டது.

போலீஸ் இல்லை, நிர்வாகம் இல்லை, தெருவில் பிணங்கள், கொள்ளை. அப்போது எல்லா இனத்தவரும் சேர்ந்து அமைத்த சேவைக்குழுவுக்குத் தலைமை ஏற்றவர் ஓர் இலங்கைத் தமிழர், 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. வெள்ளைக்காரர்கள் போய்விட்ட செய்தி ஜப்பானியருக்குத் தெரியாது, கோட்டையில் கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது. கொடி பறக்கிறவரை குண்டும் விழும். சரவணமுத்து போய் அந்தக் கொடியை இறக்கி வெள்ளைக்கொடியை ஏற்றினார். வானொலியில், ஊரில் படை இல்லை, குண்டு போடவேண்டாம் என்று அறிவித்தார். டிசம்பர் 19இல் ஜப்பானியர் நுழைந்தார்கள். கொடியை ஏற்றிய லைட்டுக்குச் சிலை இருக்கிறது, தெரு இருக்கிறது. இறக்கி ஊரைக் காப்பாற்றியவரின் பெயர் எத்தனை மாணவருக்குத் தெரியும்? பாடநூலில் ஒரு வரி கிடைத்தால்கூட நன்றாக இருக்கும் என்பது என் எண்ணம்.

கடைசியாக, நீங்கள் நடந்து வந்த தெருக்களின் இன்றைய நிலை. 2008 ஜூலை 7இல் மலாக்காவோடு சேர்த்து ஜோர்ஜ்டவுனையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மையப் பகுதி ஏறத்தாழ 109 ஹெக்டர். இதைத் தேர்வுக்கு எல்லாரும் மனப்பாடம் செய்கிறார்கள். அதற்கு எட்டு ஆண்டு முன்னர் நடந்ததை யாரும் கேட்பதில்லை. போருக்குப் பிந்திய காலம் முதல் இந்தப் பழைய கடைவீடுகளின் வாடகை சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அதனால்தான் தையல்காரரும் பூக்கட்டுகிறவரும் சாம்பிராணிக் கடைக்காரரும் நகர நடுவில் குடியிருக்க முடிந்தது. 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. வாடகை ஏறியது, குடும்பங்கள் வெளியேறின. பிறகு பாரம்பரியத் தகுதி வந்தது, விடுதிகளும் காப்பிக் கடைகளும் வந்தன. சுவர் காப்பாற்றப்பட்டது. சுவருக்குள் இருந்தவர்கள் பலர் இப்போது பாயான் பாருவிலோ கடல்தாண்டிப் பட்டர்வொர்த்திலோ இருக்கிறார்கள்.

லெபோ பாசாரில், நம்மவர்கள் 'கடைத்தெரு' என்று சொல்லும் அந்தத் தெருவில், சாப்பாட்டுக்கு உட்காரும்போது மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். கண்ணுக்குத் தெரியும் பத்துக் கடைவீடுகளை எடுத்துக்கொள்ளட்டும். கீழே என்ன கடை, மாடியில் யாராவது குடியிருக்கிறார்களா, துணி காய்கிறதா, சாமி விளக்கு தெரிகிறதா, பூட்டியிருக்கிறதா, விடுதிப் பலகை தொங்குகிறதா என்று பார்த்து எழுதட்டும். கடைக்காரர் நேரம் கொடுத்தால், "ஐயா, எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க, முன்னாடி மாடியில யாரு இருந்தாங்க?" என்று மரியாதையாகக் கேட்கட்டும். தேதியையும் நேரத்தையும் தாளின் மேலே குறிக்கச் சொல்லுங்கள், அடுத்த ஆண்டு வரும் வகுப்பு அதே பத்து வீடுகளைப் பார்த்து ஒப்பிட வசதியாக இருக்கும்.